பரிசுக்கு நீளும் கை பணிக்கும் நீளட்டும்

நம் சமுதாயத்துப் பிள்ளை ஒன்று மண்டல அளவிலான ரோபோட்டிக்ஸ் போட்டியில் பரிசு பெற்றுவிட்டால் அன்று மாலைக்குள் அச்செய்தி ஊரின் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்தையும் சுற்றி வந்துவிடுகிறது. மாஷா அல்லாஹ் என்னும் வாழ்த்துகள் வரிசையாக வந்து குவிகின்றன. ஜமாஅத் அலுவலகத்தில் சால்வை காத்திருக்கிறது. அடுத்த ஜும்ஆவில் அல்ஜஸரியின் பெயரும்கூட மிம்பரில் ஒலிக்கிறது. இதனை நாம் குறை கூறவில்லை. பிள்ளைகளைப் பாராட்டுவது நற்பண்பு. ஆயினும் இந்த மகிழ்ச்சிக்கு நடுவே ஒரு கேள்வியை மட்டும் எவரும் எழுப்புவதில்லை. அந்தப் போட்டியை நடத்தியவர் யார்?

ஊதியம் எதுவும் பெறாத மனிதர்களே பெரும்பாலும் அதனை நடத்துகின்றனர். கல்லூரி மாணவர்கள், பொறியாளர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளைப் பெற்றவர்கள் ஆகியோர் தம் விடுமுறை நாளைப் பிறர் வீட்டுப் பிள்ளைகளுக்காகக் கொடுக்கின்றனர். அவர்களுள் நம்மவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணிவிடலாம். பரிசு பெறும் வரிசையில் ஆவலோடு நிற்கும் ஒரு சமுதாயம், பணி செய்யும் வரிசையில் காணப்படாமல் இருப்பது அதற்கு அழகன்று. இதனைச் சொல்வதற்கே இக்கட்டுரை.

முதலில் அப்பணி எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். உலகெங்கும் பல நாடுகளில் நடைபெறும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் போட்டியை எடுத்துக்கொள்வோம். ஓர் அணியில் பத்துப் பிள்ளைகள் வரை இருக்கலாம். அவர்கள் உருவாக்கிய ரோபோ, ஒரு மேசை மீது அமைக்கப்பட்ட மாதிரிகளுக்கிடையே இரண்டரை நிமிடத்துக்குள் பல வேலைகளைச் செய்து முடிக்க வேண்டும். தொலைவிலிருந்து இயக்குதல் கூடாது. பிள்ளைகள் முன்கூட்டியே எழுதிய நிரலின்படியே அது இயங்க வேண்டும். வழக்கமாக ஓர் அணி மூன்று முறை மேசைக்கு வரும். மூன்றில் சிறந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படும். இதோடு முடிவதில்லை. ரோபோவை எவ்வாறு வடிவமைத்தனர், சமூகச் சிக்கல் ஒன்றுக்கு என்ன தீர்வு கண்டனர், ஒருவரோடொருவர் எவ்வாறு ஒத்துழைத்தனர் என்பவற்றையும் மதிப்பீட்டாளர்கள் தனி அறையில் கேட்டறிகின்றனர்.

24 அணிகள் வந்தால் 72 ஓட்டங்கள். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு நடுவர் மேசையருகே நிற்க வேண்டும். ஓட்டம் முடிந்ததும் பிள்ளைகளோடு சேர்ந்தே மதிப்பெண்ணைச் சரிபார்க்க வேண்டும். ஐயம் எழுந்து தீர்க்க இயலாவிடில் அதன் பலன் அணிக்கே சேரும் என்பது விதி. பின்னர் கலைந்து கிடக்கும் மாதிரிகளை மீண்டும் அதே இடத்தில், அதே நிலையில் வைக்க வேண்டும். ஒரு மாதிரி சிறிது விலகினாலும் அடுத்த அணிக்கு அநீதி. இவை தவிர, வருகையைப் பதிவு செய்வோர், அணிகளை உரிய நேரத்தில் அழைத்து வருவோர், நேரம் காட்டுவோர், மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றுவோர், உணவும் தண்ணீரும் கவனிப்போர், முதலுதவிக்கு நிற்போர் எனப் பலர் வேண்டும். காலை ஏழு மணிக்கு வந்தவர் கடைசி நாற்காலியை அடுக்கிவிட்டு இரவில் வீடு திரும்புகிறார். பரிசளிப்புப் புகைப்படத்தில் அவர் முகம் இருப்பதில்லை.

இம்முறை நேற்று முளைத்ததன்று. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989-இல் ஃபர்ஸ்ட் என்னும் அமைப்பை நிறுவினார். 1992-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பள்ளி ஒன்றின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு அதன் முதல் போட்டி நடந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ் அதற்கு ஒரு நெறியை வகுத்துத் தந்தார். முழு வலிமையோடு போட்டியிடு, ஆனால் எதிரணியைக் கண்ணியத்தோடு நடத்து என்பது அதன் சாரம். இன்றும் அப்போட்டிகளில் ஓர் அணியின் கருவி பழுதானால் எதிரணியே தன் பெட்டியைத் திறந்து உதிரிப் பாகத்தை எடுத்துக் கொடுப்பதைக் காணலாம். 2004-இல் சிங்கப்பூரில் தொடங்கிய உலக ரோபோ ஒலிம்பியாடின் தகுதிச் சுற்றுகள் நம் நாட்டிலும் நடைபெறுகின்றன. நிதி ஆயோக் 2016 முதல் அடல் டிங்கரிங் ஆய்வகங்களைப் பள்ளிகளில் அமைத்து வருகிறது. ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி வழங்குகிறது. அரசு பணம் தரும், கருவி தரும். சனிக்கிழமைக் காலையில் வந்து ஒரு பிள்ளையின் அருகே பொறுமையாக அமரும் மனிதரை எந்த அரசும் தர இயலாது. அவரைச் சமுதாயம்தான் தர வேண்டும்.

இதைச் சொன்னவுடன் சில மறுப்புகள் எழுகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் மறுப்பு, "இது துன்யாவின் வேலை, தீனுடைய பணிகளே ஏராளமாகக் கிடக்கும்போது இதற்கு ஏது நேரம்?" என்பது. மதரஸாவில் கிதாப் ஓதிக் கொடுக்கும் நாம் இந்த மறுப்பை எளிதாக ஒதுக்கிவிட மாட்டோம். நேரம் என்பது அமானிதம். அதனை எங்கே செலவிடுகிறோம் என்ற விசாரணை உண்டு. ஆனால் இந்தப் பிரிவினையை நம் முன்னோர் இவ்வாறு செய்தார்களா? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் ஃபர்ளு கிஃபாயாவை விளக்குகிறார்கள். சிலர் நிறைவேற்றினால் அனைவர் மீதிருந்தும் நீங்கிவிடும், எவருமே நிறைவேற்றாவிடில் அனைவரும் குற்றத்துக்குள்ளாவர் என்னும் கடமை அது. அந்தப் பட்டியலில் மருத்துவமும் கணிதமும் மட்டுமல்ல, வேளாண்மையும் நெசவும் தையலும்கூட இடம்பெறுகின்றன. முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்களில்கூட எல்லோரும் ஃபிக்ஹு கற்கவே முண்டியடிக்கிறார்களே என்று அவர்கள் அக்காலத்திலேயே வருந்திக் கடிந்திருக்கிறார்கள். ரோபோட்டிக்ஸ் போட்டிக்குச் செல்வது இன்னின்னார் மீது கடமை என்று நாம் ஃபத்வா கொடுக்க முன்வரவில்லை. ஆனால் சமுதாயத்தின் தேவை எதுவோ அதனைச் சுமக்கச் சிலரேனும் இருக்க வேண்டும் என்னும் அடிப்படையை, துன்யா என்ற ஒரு சொல்லால் தள்ளிவிட முடியாது என்பதை மட்டும் நினைவூட்டுகிறோம்.

மிம்பர்களில் நாம் பெருமையோடு குறிப்பிடும் அல்ஜஸரியையே எடுத்துக்கொள்வோம். தியார்பக்கிரில் ஆர்த்துகிய அரசர்களிடம் பணிபுரிந்த அந்தக் கைவினைஞர், 1206-இல் முடிவுற்ற தம் நூலில் 50 இயந்திரங்களை விவரித்தார். தம் கைகளில் பணியாளர் தண்ணீர் ஊற்றுவதை விரும்பாத அரசருக்காக, ஒளுச் செய்யத் தண்ணீர் வார்க்கும் தானியங்கி உருவம் ஒன்றையும் அவர் அமைத்தார். அவருக்கும் ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே பக்தாதில் பனூ மூஸா சகோதரர்கள் இத்தகைய நூலை எழுதியிருந்தனர். அல்ஜஸரியின் சிறப்பு அவர் இயந்திரம் செய்தார் என்பதோடு நிற்கவில்லை. பின்னால் வரும் ஒரு கைவினைஞர் அதே இயந்திரத்தை மீண்டும் செய்யுமளவுக்கு அளவுகளோடும் படங்களோடும் எழுதிவைத்தார். தாம் அறிந்ததைப் பிறர் கையில் ஒப்படைத்தார். அவருடைய பெயரைப் பெருமைக்காக எடுத்துக்கொண்டு, அறிந்ததை ஒப்படைக்கும் அவருடைய வழக்கத்தை விட்டுவிடுவது என்ன நியாயம்? எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய யானைக் கடிகாரத்தைப் பற்றி உருக்கமாகப் பேசுபவர், தம் தெருவில் வசிக்கும் எட்டாம் வகுப்பு மாணவனுக்கு ஒரு மாலை நேரம் தர மறுத்தால், அந்த உருக்கத்தால் யாருக்கு என்ன பயன்?

இரண்டாம் மறுப்பு, "இவற்றை நடத்துவோர் நம்மவர் அல்லர், பின்னணியில் பெருநிறுவனங்கள் இருக்கின்றன, அவர்களுடைய விளம்பரத்துக்கு நாம் ஏன் இலவசமாக உழைக்க வேண்டும்?" என்பது. இதில் பாதி உண்மை என்பதை ஒப்புக்கொள்வோம். பயிற்சிப் பெட்டிகளின் விலை அதிகம். பங்கேற்புக் கட்டணம் ஏழைப் பள்ளிகளுக்கு எட்டாது. மேடையில் நிறுவனப் பதாகைகள் தொங்குவதும் மெய்யே. ஆனால் இவற்றை மாற்றும் வழி ஒதுங்கியிருப்பதா? நபி (ஸல்) அவர்கள் நுபுவ்வத்துக்கு முன், அப்துல்லாஹ் இப்னு ஜுத்ஆனின் இல்லத்தில் கூடிய ஹில்ஃபுல் ஃபுளூல் உடன்படிக்கையில் பங்கேற்றார்கள். அநீதி இழைக்கப்பட்டவருக்குத் துணை நிற்பதற்காக மக்கத்துக் குடும்பங்கள் சில செய்துகொண்ட உடன்படிக்கை அது. இஸ்லாம் வந்த பின்னரும், அத்தகைய ஒன்றுக்கு அழைக்கப்பட்டால் ஏற்றுக்கொள்வேன் என்னும் கருத்தில் அதனை நினைவுகூர்ந்தார்கள். நன்மை எது என்று பார்த்தார்களேயன்றி, அழைத்தவர் யார் என்பதையே தடையாக்கிக்கொள்ளவில்லை.

நடைமுறையையும் சற்று எண்ணிப் பாருங்கள். போட்டி நடைபெறும் நாள் எது, கட்டணம் எவ்வளவு, அரசுப் பள்ளிக்குச் சலுகை உண்டா, லுஹர் தொழ இடம் எங்கே, மதிப்பீட்டாளர் எந்த மொழியில் வினவுவார் ஆகியவற்றை முடிவு செய்வது ஒருங்கிணைப்புக் குழுவின் கூட்டம். அக்கூட்டத்தில் அமர்ந்திருப்பவர் வாய்க்கு மதிப்பு உண்டு. வெளியிலிருந்து குறை சொல்பவருக்கு இல்லை. பெருநாளன்று போட்டியை வைத்துவிட்டார்களே என்று பின்னர் புலம்புவதை விட, நாள்காட்டியைப் புரட்டும்போது அங்கே இருப்பது மேல்.

இவற்றுள் மொழியே மிக முக்கியமானது. அரசுப் பள்ளியிலிருந்தோ நம் ஊர் உதவிபெறும் பள்ளியிலிருந்தோ ஒரு சிறுமி வருகிறாள் என்று கொள்வோம். பற்சக்கரங்களின் விகிதத்தை ஏன் மாற்றினாள், உணரி ஏன் முதலில் தவறாகக் காட்டியது, அதனை எப்படிச் சரிசெய்தாள் என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். தமிழில் கேட்டால் கால் மணி நேரம் பேசுவாள். மதிப்பீட்டாளர்கள் ஆங்கிலத்தில் மட்டும் வினவினால் தலை குனிந்து நிற்பாள். அவளுடைய அறிவு மதிப்பெண்ணாக மாறாமலேயே அந்த அறையில் நின்றுவிடும். அங்கே தமிழில் ஒரு வினாவைக் கேட்க ஒருவர் இருந்திருந்தால் அவள் கதை வேறு. அந்த ஒருவர் இல்லாமற்போனதற்கு எந்தப் பெருநிறுவனத்தைக் குறை சொல்வது?

மூன்றாம் மறுப்பு பெண்பிள்ளைகளைப் பற்றியது. ஆணும் பெண்ணும் கலக்கும் இடம் என்று காரணம் கூறி, திறமை வாய்ந்த நம் பெண்பிள்ளைகளை ஊர் அளவிலேயே நிறுத்திவிடுகின்றனர். பெற்றோரின் கவலையை நாம் மதிக்கிறோம். ஒழுக்க வரம்புகளைத் தளர்த்தச் சொல்லவும் இல்லை. நாம் கேட்பது இதுதான். அந்த அரங்கில் நம் தாய்மார்களும் ஆலிமாக்களும் பட்டதாரிச் சகோதரிகளும் தன்னார்வலர்களாக நின்றால் அக்கவலையில் பாதி தீர்ந்துவிடாதா? வருகைப் பதிவு மேசையில் ஒரு சகோதரி, மதிப்பீட்டு அறையில் ஒரு சகோதரி, தொழுகையிடத்தின் வாயிலில் ஒரு சகோதரி இருந்தால் தந்தை தன் மகளை அச்சமின்றி அனுப்புவார். ஆண்களும் போகாமல், பெண்களையும் அனுப்பாமல், அங்கே நம் சூழல் இல்லை என்று சொல்வது எவ்வகை நியாயம்?

2017-இல் ஆப்கானிஸ்தானின் ஹெராத் நகரைச் சேர்ந்த சிறுமிகள் அணி, வாஷிங்டனில் நடந்த ஃபர்ஸ்ட் குளோபல் போட்டிக்குப் புறப்பட்டது. அவர்களுடைய விசா விண்ணப்பம் இருமுறை நிராகரிக்கப்பட்டது. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பின்னரே கதவு திறந்தது. 150-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் கூடிய அந்த அரங்கில் தலையை மூடிய அச்சிறுமிகள் தம் ரோபோவோடு நின்றனர். துணிவுமிக்க சாதனைக்கான வெள்ளிப் பதக்கத்தோடு திரும்பினர். 2020-இல் கொரோனா பரவியபோது அந்த அணியின் பெண்கள் பழைய கார் உதிரிப் பாகங்களைக் கொண்டு குறைந்த செலவில் செயற்கைச் சுவாசக் கருவி செய்ய முனைந்தனர். போருக்கு நடுவே இருந்த ஒரு சமூகம் தன் மகள்களை அத்தனை தூரம் அனுப்பியது. நம் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம்.

நான்காவது மறுப்பு மிகவும் பணிவாக வரும். "நமக்கு இந்தத் தொழில்நுட்பம் எதுவும் தெரியாதே!" மேலே நாம் எழுதிய பணிகளின் பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். அவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை கணினி அறிவைக் கோருபவை அல்ல. கோருவது நேரம் தவறாமையும் பொறுமையும் நேர்மையும். இவற்றில் நம் இளைஞர்கள் யாருக்கும் குறைந்தவர்கள் அல்லர். 2015 பெருவெள்ளத்தின்போது சென்னையில் இடுப்பளவு நீரில் உணவு சுமந்து சென்றவர்கள் அவர்கள். கொரோனாக் காலத்தில் உறவினரே அஞ்சி விலகிய உடல்களை, மதம் பாராமல், உரிய கண்ணியத்தோடு அடக்கம் செய்தவர்கள் அவர்கள். ரமளானில் நோன்புக் கஞ்சி காய்ச்சி அஸருக்குள் ஊர் முழுவதும் சேர்க்கும் ஒழுங்கைக் கண்டவர்கள், 24 அணிகளை வரிசைப்படுத்துவது பெருஞ்செயல் என்று சொல்லமாட்டார்கள். ஆற்றல் இருக்கிறது. பேரிடர் வந்தால் மட்டுமே அது விழித்தெழ வேண்டும் என்று யார் விதித்தது? பிள்ளைகளின் அறிவு வறண்டு கிடப்பதும் ஒரு பேரிடரே. அது மெதுவாக வருவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை.

வர முன்வருவோருக்கும் நாம் சில சொற்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழியே எண்ணத்தைப் பற்றியது என்பதை மதரஸாவில் முதலாண்டு மாணவரும் அறிவார். அடையாள அட்டையை அணிந்து படம் எடுத்து, முகநூலில் ஏற்றிவிட்டு, மதிய உணவுக்குப் பின் காணாமற்போகும் தன்னார்வலரைவிட வராதவரே மேல். வராதவருக்கு மாற்றாக இன்னொருவரை நியமித்திருப்பார்கள். ஒப்புக்கொண்ட பொறுப்பு அமானிதம். தன் பிள்ளையோ தன் பள்ளியோ போட்டியிடும்போது மதிப்பீட்டாளர் இருக்கையில் அமர்வது நீதிக்குப் புறம்பு. தாமே எழுந்து அதனைச் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு நடுவே பணிபுரிவதால் சரிபார்ப்பும் வரம்பும் தேவை. அமெரிக்காவில் பல பொறுப்புகளுக்கு வருவோரின் பின்னணியை ஆராய்ந்த பின்னரே அனுமதிக்கின்றனர். அதனை அவமதிப்பாகக் கருதாமல், நம் ஊரிலும் கேட்டுப் பெற வேண்டிய ஒழுங்காகக் கருத வேண்டும்.

பயிற்றுநர்களும் பெற்றோரும் செய்யும் ஒரு தவற்றையும் பூசி மெழுகாமல் சொல்லிவிடுவோம். போட்டிக்கு முந்தைய இரவில் பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுத் தாமே ரோபோவைப் பூட்டி, தாமே நிரலை எழுதி, மறுநாள் இது என் மகன் செய்தது என்று முன்னிறுத்துவோர் உண்டு. இதற்கு உதவி என்று பெயரில்லை; இது பொய். அந்தப் பொய்யைச் சொல்லும் பொறுப்பையும் பிள்ளையின் தலையிலேயே வைக்கின்றனர், மதிப்பீட்டாளர் முன் நின்று பேசப்போவது அவன்தானே! தோல்வியடைந்த ரோபோவோடு உண்மையைச் சொல்லி வரும் பிள்ளை, வெற்றிக் கோப்பையோடு பொய்யைச் சுமந்து வரும் பிள்ளையைவிட எல்லா வகையிலும் செல்வந்தன். வழிகாட்ட வந்தவர் தம் கைகளைக் கட்டிக்கொண்டு வினா எழுப்பக் கற்க வேண்டும். உஸ்தாதுமார்களுக்கு இது புதிதன்று. பாடத்தை மாணவனையே ஒப்பிக்கச் சொல்லிக் காத்திருப்பது நம் பழைய வழக்கம்தானே!

இனிச் செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. ஜமாஅத்துக்குச் சொந்தமான நிக்காஹ் மஹால் வார நாட்களில் பூட்டிக் கிடக்கிறது. எட்டடிக்கு நான்கடி ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கி, சுற்றிலும் சட்டம் அடித்துத் தர நம் தெருத் தச்சர் போதும். பயிற்சி மேசை தயார். மஹாலின் ஒரு மூலையில் அதனைப் போட்டு, எல்லாச் சமயத்துப் பிள்ளைகளுக்கும் மாலையில் திறந்துவிடலாம். ஆண்டு விழாப் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவாகும் தொகையில் ஒரு பங்கை எடுத்தால், வசதியற்ற ஓர் அணியின் பங்கேற்புக் கட்டணத்தைச் செலுத்திவிடலாம். ஊரில் இருக்கும் பொறியியல் பட்டதாரிகள் வாரம் ஒரு மாலை தரட்டும். மண்டலப் போட்டி அறிவிக்கப்பட்டதும், ஒவ்வொரு ஜமாஅத்தும் இரண்டு சகோதரர்களையும் இரண்டு சகோதரிகளையும் தன்னார்வலர்களாக அனுப்ப முன்வரட்டும். பரிசு யாருக்குக் கிடைத்தாலும் அவர்கள் மாலை வரை நின்று நாற்காலிகளை அடுக்கிவிட்டுத் திரும்பட்டும்.

அவ்வாறு நான்கு பேரை அனுப்பிய ஊர், பின்னொரு ஜும்ஆவில் அல்ஜஸரியின் பெயரைத் தாராளமாகச் சொல்லட்டும். நம்முடைய உழைப்பைப் பிள்ளைகளுக்குப் பயனுள்ளதாகவும், நம் எண்ணங்களைத் தூய்மையானதாகவும் அல்லாஹ் ஆக்கி வைப்பானாக. ஆமீன்.